வேலை நிலைக்குமா என்ற கேள்வியோடு வேலை பார்ப்பவர்களுக்கு

ஐ.டி. நிறுவனமொன்றில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன ஒருவர், மதிய உணவு இடைவேளையில் பக்கத்து மேசையில் யாரோ "நம்ம புராஜெக்ட் மார்ச்சோட முடியுதாம்" என்று சொல்வதைக் கேட்கிறார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வருவதில்லை. நிர்வாகம் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, மறுநாள் காலையிலும் அடையாள அட்டையைக் காட்டியதும் கதவு திறக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நேற்று அந்தக் கதவுக்குள் நுழைந்தவரும் இன்று நுழைபவரும் ஒருவரே என்று சொல்ல முடியாது. அவருக்காகவே இதை எழுதுகிறேன். வேலை போன பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அறிவுரை சொல்ல வீட்டிலும் வெளியிலும் பலர் இருக்கிறார்கள். வேலை கையில் இருக்கும்போதே, அது நாளை இருக்குமா என்று தெரியாமல் கழியும் மாதங்களை எப்படிக் கடப்பது என்று சொல்லித் தருபவர்கள் குறைவு. சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலை நிறுவனங்களில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்ததில் அப்படிப்பட்ட மாதங்களை இரண்டு முறை கடந்திருக்கிறேன். முதல் முறை மிக மோசமாகக் கடந்தேன் என்பதே இதை எழுதுவதற்கு எனக்கிருக்கும் தகுதி.

முதற்படி: எதற்குப் பயப்படுகிறோம் என்று பிரித்துக்கொள்ளுதல்

வேலைப் பாதுகாப்பின்மை என்பதை ஓர் ஆய்வுப் பொருளாக வரையறுத்தவர்களில் முக்கியமானவர்கள் லியோனார்ட் கிரீன்ஹால்ஜ், செஹாவா ரோசன்பிளாட் என்ற இருவர். 1984-ஆம் ஆண்டில் அவர்கள் கொடுத்த விளக்கத்தின் சாரம் இது: அச்சுறுத்தலுக்குள்ளான வேலையில், தான் விரும்பும் தொடர்ச்சியைக் காப்பாற்றிக்கொள்ளத் தன்னால் இயலாது என்று ஒருவர் உணர்வது. இந்த இயலாமைக்குத் தமிழில் கையறுநிலை என்ற பழைய சொல் இருக்கிறது. புறத்திணை இலக்கணத்தில் அது ஆதரித்த தலைவன் இறந்தபின் புலவர் கலங்கிப் பாடும் துறை. நம்முடைய கதையில் தலைவன் உயிரோடுதான் இருக்கிறான், மாதக் கடைசியில் சம்பளமும் போடுகிறான். கலக்கம் மட்டும் முன்கூட்டியே வந்துவிடுகிறது.

இந்தப் பயத்தில் இரண்டு வகை உண்டு. வேலையே போய்விடுமோ என்பது ஒன்று. வேலை இருக்கும், ஆனால் அதில் நாம் மதிக்கும் ஒன்று போய்விடுமோ என்பது மற்றொன்று: ஆன்சைட் வாய்ப்பு (வாடிக்கையாளரின் வெளிநாட்டு அலுவலகத்தில் வேலை), சம்பள உயர்வு, நான்கு வருடம் கற்ற தொழில்நுட்பம், சொந்த ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த இடமாற்றம். புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை முதலாவதாக நினைத்துக் கலங்குகிறார்கள். அப்ரைசல் என்ற பணி மதிப்பீட்டில் குறைந்த ரேட்டிங் வந்தால் உடனே வேலை போய்விட்டதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஒரு தாளை எடுத்து, "நான் இழப்பேன் என்று அஞ்சுவது" என்று மேலே எழுதி, அதன் கீழே ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். மனத்துக்குள் ஒரே மூட்டையாகக் கிடப்பது தாளில் ஐந்தாறு வரிகளாகப் பிரிந்துவிடும். அவற்றில் ஒன்றிரண்டே உண்மையில் இந்த மாதத்து விஷயங்களாக இருக்கும்.

வேலையில் இருந்துகொண்டே அஞ்சுவது, சில நேரங்களில் வேலையிழந்தவரின் துன்பத்துக்கு நிகரான பாதிப்பை மனநலத்தில் உண்டாக்குகிறது என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வேலை இழந்தவருக்கு ஒரு தேதி இருக்கிறது, ஆறுதல் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், சட்டம் சில தொகைகளைத் தருகிறது, மறுநாள் செய்ய வேண்டியது என்ன என்பதும் தெளிவு. அஞ்சிக்கொண்டிருப்பவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. "உனக்குத்தான் வேலை இருக்கே" என்ற ஒரு வாக்கியத்தில் அவருடைய பேச்சு அடங்கிவிடுகிறது. ஆகவே உங்கள் கலக்கத்தை அற்பமானது என்று நீங்களே தள்ளிவிட வேண்டாம்.

இரண்டாம் படி: வதந்தியிலிருந்து தேதியைப் பிரித்தெடுத்தல்

2025 ஜூன் மாதத்தில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம், ஊழியர் ஒருவர் ஆண்டுக்குக் குறைந்தது 225 நாட்கள் வாடிக்கையாளரிடம் கட்டணம் வசூலிக்கக்கூடிய (பில் செய்யக்கூடிய) வேலையில் இருக்க வேண்டும், பெஞ்சில், அதாவது எந்த புராஜெக்டும் இல்லாமல், இருக்கும் நாட்கள் 35-ஐத் தாண்டக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே மொத்த ஊழியர்களில் சுமார் 2 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 12,000 பேர், குறைக்கப்படுவார்கள் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு பெரும்பாலும் நடுநிலை, மூத்தநிலை ஊழியர்களைப் பற்றியது என்பது செய்தியிலேயே இருந்தது. ஆனால் அந்த வாரத்தில் என்னிடம் கலங்கிய குரலில் பேசியவர்களில் அதிகம் பேர், வேறு நிறுவனங்களில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். செய்தியின் தலைப்பு அனைவரையும் தொட்டது. உள்ளே இருந்த விவரம் யாரையும் எட்டவில்லை.

ஆகவே காதில் விழும் ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் சலியுங்கள். சொன்னவருக்கு அதை அறியும் இடம் இருக்கிறதா? அது எந்தக் குழுவை, எந்த நிலையில் இருப்பவர்களைப் பற்றியது? அதில் ஒரு தேதி இருக்கிறதா? தேதியில்லாத செய்தியை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. அதை இரவு இரண்டு மணிக்கு நினைத்துக்கொண்டிருக்க மட்டுமே முடியும்.

அடுத்து, மேலாளரிடம் நேராகக் கேளுங்கள். கேட்கும் விதத்தில்தான் பதிலின் தரம் இருக்கிறது. "சார், என் வேலைக்கு ஏதும் ஆபத்து இருக்கா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, வேலையைப் பாரு" என்ற பதிலே வரும். அவருக்கு உண்மை தெரிந்தாலும் சொல்லும் அதிகாரம் இருக்காது. மாறாக, "இந்த புராஜெக்டில் என் பில்லிங் எந்தத் தேதி வரை இருக்கிறது? அதற்குப் பிறகு என் பெயரை எந்தக் குழுவுக்காவது பரிந்துரைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இதற்கு அவர் ஒரு தேதியைச் சொல்லலாம், அல்லது தயங்கலாம். தயக்கமும் ஒரு தகவலே. புராஜெக்ட் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இருப்பது, உங்களோடு வழக்கமாக நடக்கும் தனிச்சந்திப்பு மூன்று வாரம் தொடர்ந்து தள்ளிப்போவது, உங்கள் வேலையை இன்னொருவருக்குக் கற்பிக்கச் சொல்வது ஆகியவை நிஜமான அறிகுறிகள். கேன்டீனில் காபி இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள் என்பது அறிகுறி அன்று. அதை வைத்து ஆட்குறைப்பைக் கணித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: உடம்பு சொல்வதைக் கேட்டல்

2008 செப்டம்பரில் அமெரிக்க வங்கிகள் ஆட்டம் கண்ட பிறகு, 2009-இன் தொடக்கத்தில் எங்கள் அலுவலகத்தின் ஏழாவது மாடியில் ஒரு கூட்ட அறை காலை முழுவதும் மூடியே இருந்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் தங்கள் மேசைக்குப் போய், டிராயரிலிருந்து டிபன் டப்பாவையும் சார்ஜரையும் எடுத்தார்கள். என் பெயர் அன்று வரவில்லை. அடுத்த நான்கு மாதங்களிலும் வரவில்லை. அந்த நான்கு மாதங்களும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி ஆனால் வயிற்றின் மேற்பகுதி எரியத் தொடங்கும். வாயுத் தொல்லை என்று நினைத்து இஞ்சிக் கஷாயம் குடித்தேன். கடைசியில் எங்கள் தெரு மருத்துவர், மாத்திரை எழுதும் முன் பேனாவை நிறுத்திவிட்டு, "திங்கட்கிழமை லீவு வந்தா ஞாயிறு எரியுதா?" என்று கேட்டார். அதுவரை நான் யோசிக்கவில்லை. பொங்கல் விடுமுறை வாரத்தில் எரியவில்லை.

இந்தப் பயம் உடம்பில் பேசும் இடங்கள் ஓரளவு பொதுவானவை: தூக்கம் பிந்துவது அல்லது விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து பிறகு உறங்க முடியாதது, வயிறு, தலைவலி, கழுத்துப் பிடிப்பு, வீட்டில் சின்ன விஷயத்துக்குச் சீறுவது, டீயும் சிகரெட்டும் கூடுவது. இவற்றோடு கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. காய்ச்சலிலும் விடுப்பு எடுக்காமல் அலுவலகம் போவது. வேலை ஆட்டம் காணும் காலத்தில் விடுப்பு குறைவதைப் பார்த்து ஊழியர்களின் ஆரோக்கியம் கூடிவிட்டதாக நினைக்கும் நிர்வாகங்கள் உண்டு. உண்மையில் அவர்கள் நோயோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, எதிலும் நாட்டம் இல்லாமல் போனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரே ஒரு முறை தலைகாட்டினாலும்கூட, அதை மருத்துவரிடம் கொண்டுபோவதே சரி. டெலி மானஸ் என்ற தேசிய மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அந்தச் சேவை இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். நிறுவனமே ஏற்பாடு செய்திருக்கும் ஆலோசனைச் சேவையில் பேசியது எச்.ஆர். காதுக்குப் போகுமோ என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் இருக்கும்வரை அங்கே மனம் திறந்து பேச முடியாது. வெளி எண்களையே பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: நம் நடத்தை மாறுவதை நாமே பிடித்தல்

இந்தப் படியில்தான் அதிகம் தங்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால், பயம் உடம்பைக் கெடுப்பது நமக்குத் தெரிகிறது. நடத்தையைக் கெடுப்பது தெரிவதில்லை, அது புத்திசாலித்தனம் போலவே தோன்றுகிறது.

முதலாவது, கண்ணில் படுவதற்காக வேலை செய்தல். இரவு பத்து மணி வரை இருக்கையில் இருப்பது, அரட்டைச் செயலியில் பச்சை விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வது, பதில் தேவையில்லாத மின்னஞ்சலுக்கும் "நோட்டட்" என்று அனைவருக்கும் பதில் போடுவது. சில மாதங்களுக்கு உழைப்பு கூடியதுபோலவே இருக்கும். ஆனால் ஆட்குறைப்புப் பட்டியல் பெரும்பாலும் ஒரு கணக்கு அட்டவணையில் தயாராகிறது. எந்த புராஜெக்ட், எந்த நிலை, எவ்வளவு சம்பளம், கடந்த ரேட்டிங் என்ன என்பவையே அதில் பத்திகளாக இருக்கும். இரவு பத்து மணிக்கு விளக்கெரிந்ததற்கு அதில் பத்தி இல்லை.

இரண்டாவது, தவறை மறைத்தல். மென்பொருளை வாடிக்கையாளருக்கு வெளியிடும் இரவொன்றில் எங்கள் குழுவில் இருந்த ஓர் இளைஞருக்கு, தாம் எழுதிய நிரலில் ஒரு பிழை இருப்பது மாலை ஐந்து மணிக்கே தெரிந்திருந்தது. பில் தொகையை இரண்டு முறை கூட்டும் பிழை. அந்த வாரத்தில் இரண்டு பேர் பெஞ்சுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அவர் சொல்லவில்லை. காலை நான்கு மணிக்கு வாடிக்கையாளர் தரப்பிலிருந்து அழைப்பு வந்தபோது, அவர் கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பி வர நாற்பது நிமிடம் ஆயிற்று. மாலையில் சொல்லியிருந்தால் அது அரை மணி நேர வேலை. நான் அவரைக் குறை சொல்லவில்லை; அவர் இடத்தில் இருந்த எல்லோருக்கும் அந்த வாரத்தில் மௌனமே பாதுகாப்பாகத் தோன்றியது. மென்பொருளில் இது பணத்தோடு போகும். தொழிற்சாலையிலும் மருத்துவமனையிலும் இதே மௌனம் கையையும் உயிரையும் வாங்கும். வேலை நிச்சயமில்லாத இடங்களில் சிறு விபத்துகள் பதிவேட்டில் ஏறாமலே போவதை ஆய்வாளர்கள் தொடர்ந்து சுட்டிக்காட்டுகிறார்கள். உங்களுக்கான விதி எளிது: பிழை தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள், அதை எப்படிச் சரிசெய்யலாம் என்ற யோசனையோடு சேர்த்து, எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, தெரிந்ததைப் பூட்டி வைத்தல். "எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் என்னை அனுப்ப முடியாது" என்பது ஐ.டி. உலகின் பழைய நம்பிக்கை. இதை நம்பி ஆவணமே எழுதாமல் இருந்த ஒரு மூத்தவரை நிறுவனம் அனுப்பத்தான் செய்தது. அவர் போனபின் ஆறு வாரம் குழு திண்டாடியது, பிறகு பழகிக்கொண்டது. திண்டாட்டத்தால் அவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த நிறுவனத்தில் அவரைப் பற்றிப் பரிந்துரை கேட்டபோது, பேச வேண்டியிருந்தவர்கள் அந்த ஆறு வாரம் திண்டாடிய அதே ஆட்கள்.

நான்காவது, சக ஊழியர்கள்மேல் வரும் சந்தேகம். நேற்று வரை சேர்ந்து டீ குடித்தவர் இன்று மேலாளரோடு சிரித்துப் பேசினால் நெஞ்சு படபடக்கிறது. இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்ற கணக்கு மனத்தில் ஓடத் தொடங்கியதும், கூட்டத்தில் அவர் சொல்வதை நாம் மறுக்கிறோம், அல்லது நமக்குத் தெரிந்த உதவியைச் சொல்லாமல் விடுகிறோம். இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, அந்த நபரிடமே பேசிவிடுவது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு, உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க, எனக்குத் தெரிஞ்சா சொல்றேன்" என்ற அளவில் போதும். பத்தில் எட்டுப் பேர் பெருமூச்சோடு ஒப்புக்கொள்வார்கள்.

இவற்றுக்கெல்லாம் நேர்மாறான ஒன்றும் நடக்கும். மனம் விட்டுப்போய், எதிலும் ஒட்டாமல், சொன்ன வேலையை மட்டும் செய்துவிட்டு, நாள் முழுவதும் வேலை தேடும் தளங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது. நிறுவனத்தின் மீதான நம்பிக்கையும் பற்றும் குறைவதும், வெளியேறும் எண்ணம் கூடுவதும் இந்தத் துறையில் ஆய்வுகள் மிக உறுதியாகக் கண்ட விளைவுகள். வெளியே எளிதில் வேலை கிடைக்கக்கூடிய திறமைசாலிகளே முதலில் போய்விடுகிறார்கள் என்பதும் நிர்வாகங்கள் தாமதமாகப் புரிந்துகொள்ளும் விளைவு. வேலை தேடுவதைத் தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். தேடியே ஆக வேண்டும். ஆனால் வாரத்தில் குறிப்பிட்ட இரண்டு மாலைகளை அதற்கென்று ஒதுக்கிவிட்டு, மற்ற நேரத்தில் அதை மூடி வையுங்கள். நாள் முழுவதும் தேடுபவர் தேடுவதுமில்லை, வேலை செய்வதுமில்லை.

ஐந்தாம் படி: வீட்டில் சொல்லுதல், பணத்தைப் பார்த்தல்

வேலை போன பிறகும் தினமும் காலை எட்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, மாலை வரை நூலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். ஏழு வாரம் அப்படி நடந்தது. மறைக்கும் பழக்கம் வேலை போன அன்று தொடங்கவில்லை. பயம் தொடங்கிய அன்றே தொடங்கியது. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் "வேலையெல்லாம் எப்படிப்பா போகுது?" என்று கேட்கும்போது "நல்லா போகுதும்மா" என்று சொல்லும் முதல் பொய்யில்தான் அது தொடங்குகிறது. வரன் பார்க்கும் வீடுகளில் "பையன் ஐ.டி.யில இருக்கான்" என்பதே அறிமுகமாக இருக்கும்போது, அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருப்பது கடினம் என்பது எனக்குத் தெரியும்.

வாழ்க்கைத்துணையிடம் முழுவதுமாகச் சொல்லுங்கள். பெற்றோரிடம் தேதியும் திட்டமும் கையில் வந்தபின் சொன்னால் போதும்: "ஜூன் வரைக்கும் வேலை இருக்கு, அதுக்குப் பிறகு நிச்சயமில்லை, நாலு மாசத்துக்குப் பணம் வெச்சிருக்கேன், தேடிக்கிட்டிருக்கேன்." இந்த நான்கு துண்டும் இருந்தால் வயதானவர்கள் நாம் எதிர்பார்ப்பதைவிட நிதானமாகவே ஏற்றுக்கொள்கிறார்கள்.

அந்த "நாலு மாசம்" என்ற எண்ணை ஊகத்தில் சொல்லக் கூடாது. வாடகை, கடன் தவணை, சீட்டுப் பணம், நகைக்கடன் வட்டி, ஊருக்கு அனுப்புவது, மளிகை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டி, கையிருப்பை அதனால் வகுங்கள். வரும் விடை மூன்றுக்குக் குறைவாக இருந்தால் புதிய தவணை எதையும் தொடங்காதீர்கள். வண்டி மாற்றுவது, பெரிய கைப்பேசி, ஏலச்சீட்டில் புதிதாகச் சேர்வது எல்லாம் காத்திருக்கலாம்.

எல்லோரும் மறக்கும் ஒன்று மருத்துவக் காப்பீடு. நிறுவனம் தரும் குழுக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதில் சேர்க்கப்பட்டிருக்கும் பெற்றோருக்கும் அன்றே முடியும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ள பெற்றோருக்குப் புதிதாகக் காப்பீடு எடுத்தால் முன்பே இருந்த நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் விதிக்கப்படலாம். ஆகவே வேலையில் இருக்கும்போதே தனிப் பாலிசி ஒன்றை எடுங்கள். அல்லது குழுக் காப்பீட்டைத் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ளும் வழியைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு, வெளியேறும் நாளுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஆறாம் படி: காகிதங்களைக் கைக்குள் கொண்டுவருதல்

வெளியேறச் சொன்ன நிமிடத்திலேயே கணினி பூட்டப்படுவது வழக்கம். அதன் பிறகு சம்பளச் சீட்டைக்கூடப் பார்க்க முடியாது. ஆகவே பணி நியமன ஆணை, எல்லா மாதச் சம்பளச் சீட்டுகள், படிவம் 16 (சம்பளத்தில் வருமான வரி பிடித்ததற்கான சான்று), அப்ரைசல் கடிதங்கள், சம்பள உயர்வுக் கடிதங்கள் ஆகியவற்றை இப்போதே உங்கள் சொந்தச் சேமிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நிரல், வாடிக்கையாளர் ஆவணம், நிறுவனத்தின் மின்னஞ்சல் தொகுப்பு ஆகிய எதையும் தொடாதீர்கள். அது ஒழுங்கு நடவடிக்கைக்கு நீங்களே கொடுக்கும் காரணம்.

வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். (உறுப்பினருக்கான நிரந்தர எண்) கணக்கில், பதிவாகியிருக்கும் கைப்பேசி எண் உங்களுடையதுதானா, ஆதாரில் உள்ள பெயரோடும் பிறந்த தேதியோடும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு இனிஷியல் முன்னும் பின்னுமாக இருப்பதால் மாதக்கணக்கில் பணம் நின்றவர்கள் நிறையப் பேர். வேலையில் இருக்கும்போது எச்.ஆர். துணையோடு இதைத் திருத்துவது எளிது, வெளியே போனபின் அலைச்சல். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கப்படுபவர்கள், 2018-இல் தொடங்கப்பட்ட அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தகுதி இருந்தால், வேலையிழந்த காலத்தில் சராசரி தினச் சம்பளத்தின் பாதியை 90 நாட்கள் வரை வாழ்நாளில் ஒருமுறை பெறலாம்; வேலையிழப்பு ஒழுங்கீனத்தாலோ விருப்ப ஓய்வாலோ நேர்ந்ததாக இருக்கக் கூடாது.

ஏழாம் படி: அறைக்கு அழைக்கப்படும் நாள்

இரண்டாவது முறை என் பெயர் வந்தது. அறையில் இருவர் இருந்தார்கள். மடிக்கணினியில் ராஜினாமா மின்னஞ்சல் ஒன்று என் பெயரிலேயே தட்டச்சாகி இருந்தது. "சொந்தக் காரணங்களுக்காக" என்ற சொற்களும் அதில் இருந்தன. "நீங்களே பேப்பர் போட்டுட்டா உங்க கரியருக்கு நல்லது" என்று மென்மையான குரலில் சொன்னார்கள். முதல் அனுபவம் கற்றுத் தந்திருந்ததால், நான் அன்று ஒரே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன்: "இதைப் படித்து யோசிக்க எனக்கு இரண்டு நாள் வேண்டும், நீங்கள் சொன்னதை மின்னஞ்சலில் அனுப்புங்கள்." அந்த வாக்கியத்தை நீங்களும் வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். பயந்த தொண்டையிலிருந்து புதிய வாக்கியம் வராது, பழகியதுதான் வரும்.

ராஜினாமாவுக்கும் ஆட்குறைப்புக்கும் பணத்திலும் உரிமையிலும் பெரிய வேறுபாடு இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டத்துக்குப் பதிலாக, 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி ஓராண்டு தொடர்ச்சியாகப் பணிபுரிந்த தொழிலாளரை ஆட்குறைப்பில் நீக்க ஒரு மாத அறிவிப்பு அல்லது அதற்கீடான ஊதியம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். புதிய திறன் கற்பதற்கான மறுதிறன் நிதியாக மேலும் 15 நாள் ஊதியம் தொழிலாளரின் கணக்கில் வர வேண்டும். தாமாக ராஜினாமா செய்தவருக்கு இவை மூன்றும் இல்லை. ஓராண்டு முடியாத புதியவர்களுக்கும் இழப்பீடு கிடையாது. அவர்களுக்கு நியமன ஆணையில் உள்ள நோட்டீஸ் கால விதியே பிடிமானம். எப்படி வெளியேறினாலும், நிலுவை ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் விதி.

"ஐ.டி. ஊழியருக்கு இதெல்லாம் பொருந்தாது" என்று அறையில் சொல்வார்கள். ஐ.டி. நிறுவனங்கள் அப்போது நடைமுறையில் இருந்த தொழிற்தகராறுச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றவை அல்ல என்று தமிழ்நாடு அரசு 2016-இலேயே தெளிவுபடுத்தியது. ஒருவர் தொழிலாளரா என்பதை விசிட்டிங் கார்டில் உள்ள பதவிப் பெயரை வைத்துத் தீர்மானிப்பதில்லை, அவர் முதன்மையாகச் செய்யும் வேலையின் தன்மையை வைத்தே தீர்மானிக்கிறார்கள். நிர்வாகப் பணியில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளர்களும் இந்த வரையறைக்கு வெளியே. நிரல் எழுதுவதும் சோதிப்பதுமே உங்கள் வேலை என்றால், தொழிலாளர் துறையின் சமரச அலுவலரை அணுகலாம். அதற்குக் கால வரம்பு உண்டு. தள்ளிப்போடாமல், தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் நியமன ஆணையைக் காட்டிவிடுவது நல்லது.

இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, மறைமலைநகர் ஆலைத் தொழிலாளர்கள் சங்கமாக உட்கார்ந்து இழப்பீட்டுக்காகப் பல மாதங்கள் பேரம் பேசினார்கள். 2022 ஜூலையில்தான் அங்கே கடைசிக் கார் வெளிவந்தது. அவர்களுக்கும் பயமும் தூக்கமின்மையும் இருந்தன. ஆனால் அறைக்குள் தனி ஆளாக, பதினைந்து நிமிடக் கெடுவோடு, அவர்கள் உட்காரவில்லை. ஐ.டி. ஊழியர்களுக்கும் சங்கங்கள் இப்போது உண்டு. உறுப்பினராவதும் ஆகாததும் உங்கள் விருப்பம். அவர்களுடைய தொலைபேசி எண்ணைக் கைப்பேசியில் வைத்திருப்பதற்குச் சந்தா தேவையில்லை.

தப்பித்து உள்ளேயே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலியான மூன்று இருக்கைகளின் வேலையும் உங்கள் மேசைக்கு வரும், கூடவே ஒரு குற்றவுணர்ச்சியும் வரும். வேலைப்பளுவை எந்த வரிசையில் முடிப்பது என்று மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனவர்களுக்கு முதல் வாரத்திலேயே தொலைபேசியில் பேசிவிடுங்கள். ஒரு மாதம் தள்ளினால் பிறகு பேசவே முடியாமல் போய்விடும்.

கடைசிப் படி: வெளியே வந்த பின்

விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ், இறுதிக் கணக்குத் தீர்வின் தாள் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தீர்வுத் தாளில் விடுப்புக்கான பணம் சேர்ந்திருக்கிறதா, நோட்டீஸ் காலத்தைக் காரணம் காட்டி ஏதும் பிடித்திருக்கிறார்களா என்று வரிவரியாகப் பாருங்கள். ஐந்தாண்டு முடித்தவர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. குறித்த கால ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்குப் புதிய சட்டத்தில் ஓராண்டு போதும். வைப்பு நிதிக் கணக்கில் வெளியேறிய தேதியை நிறுவனம் பதிவு செய்ய வேண்டும். அது பதிவாகாவிட்டால் அடுத்த வேலையில் பழைய கணக்கை மாற்றும்போது சிக்கல் வரும். கடைசிச் சந்தா வரவான மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்த பிறகு, ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு அந்தத் தேதியை நீங்களே பதிவு செய்துவிடலாம். அந்த நாளை இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.